அவள் கேட்டது வேறு

ஒரு பெண்ணின் வேலை என்னால் போனது. பெண்ணுரிமை பேசித்தான் போக்கினேன். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் முழுவதையும் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் இறுதியில் கொட்டாஞ்சேனையில் 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். ஆசிரியர் ஒருவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு எழுந்தது. மே 8 ஆம் திகதி பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் சனம் தெருவில் இறங்கியது. அதுவரை இடமாற்றம் மட்டும் செய்யப்பட்டிருந்த அந்த ஆசிரியர் கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். விடயம் பாராளுமன்றம் வரை போனது. அந்தக் கோபத்தை ஒன்றுதிரட்டியதில் முகநூலுக்கும் பங்குண்டு. அதை நான் மறுக்கமாட்டேன்.

நானும் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி எழுதினேன். யாரிடமும் அனுமதி கேளாமல் பிள்ளையின் படத்தைப் போட்டேன். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அப்படி அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். 1995 இலிருந்து உள்ள சட்டம். எனக்குத் தெரியும். படம் இருந்தால்தான் பகிர்வார்கள் என்று போட்டேன். பகிர்ந்தார்கள். என் பெயர் பரவியது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாட்களில்தான் ஒருத்தி உள்பெட்டியில் எழுதினாள். கடையொன்றில் வேலை. சனிக்கிழமை கடை பூட்டிய பிறகு மேற்பார்வையாளர் கணக்குப் பார்க்க மறித்து வைப்பார். கையைப் பிடிப்பார். "வேலய விடவும் ஏலாது. என்ன செய்யலாம் அக்கா?"

பதில் எழுத முன்னமே ஸ்கிரீன்ஷொட் எடுத்தேன். பெயரை மறைத்துப் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்ற பயம். பெயரை மறைத்த நான் சனிக்கிழமையை மறைக்கவில்லை. சனிக்கிழமைகளில் நிற்பது யாரென்று அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, அத அழிச்சிருங்க. கடையில தெரிஞ்சிரிச்சி."

பார்த்தேன். பகிர்வு ஏறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு அழிக்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அழிக்கும்போது இரவாகிவிட்டது. அதற்குள் அது வட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது.

அவளை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அண்ணன் போனைப் பறித்துவிட்டார். அவள் சம்பளத்தில்தான் தாயாருக்கு மருந்து வாங்கினார்கள். மேற்பார்வையாளர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். என்னைப் பாராட்டியவர்கள் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். நானும் உடனே அவளைத் தேடிப் போகவில்லை. போனபோது தாயார் வாசலில் நின்றபடி, "நீங்கதானா அது?" என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. பாலியல் தொந்தரவு 345 ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெண்களுக்கான அவசர இலக்கம் 1938. நடந்ததைத் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லியிருக்கலாம். பொலிஸுக்கு அவளோடு கூடப் போயிருக்கலாம். அதையெல்லாம் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அதனால்தான் செய்யவில்லை.

ஒரு நிருவாகத்தை அசைக்க ஆயிரம் பகிர்வு உதவும். திங்கட்கிழமை அதே கடைக்குப் போகவேண்டியவளுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அவள் அந்த ஆளைத் தேடித்தான் என்னிடம் வந்தாள். நான் அவளை வைத்துக் கூட்டம் சேர்த்தேன்.

அச்சுக்குக் கொடுக்க முன்னம் இதை அவளிடம் காட்டினேன். சில அடையாளங்களை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.