பட்டாசின் விலை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பட்டாசு விலைப்பட்டியல்கள் வீடுகளுக்குள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் பொருளின் பெயரைவிடத் தள்ளுபடி விழுக்காடே பெரிய எழுத்தில் இருக்கும். ‘80 விழுக்காடு தள்ளுபடி’ என்பதைப் படித்தவுடன், நூறு ரூபாய்ப் பொருள் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்னும் மகிழ்ச்சி எவர்க்கும் ஒரு நொடியாவது தோன்றவே செய்யும். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்குகிறோம். பட்டாசை அவ்வாறு கொளுத்திப் பார்த்து வாங்க இயலாது. அதன் தரம் தெரியும் நொடியில் அது சாம்பலாகிவிடுகிறது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. வாங்குவோரின் இந்த இயலாமையை வணிகம் நன்கு அறிந்து வைத்திருக்கிறது.

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரது குடும்பம் இதைத் தன் செலவிலேயே கற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் அவர் தீபாவளிக்கு முந்தைய இரவில்தான் கடைக்குப் போவார். மீதமாகும் சரக்கைக் கடைக்காரர் பாதி விலைக்கு இறக்கிவிடுவார் என்பது அவர் கணக்கு. அக்கணக்கும் தவறன்று, விலை இறங்கத்தான் செய்தது. ஆனால், ஐப்பசி மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். தகரக் கூரையின்கீழ் பல நாள் ஈரக்காற்றில் கிடந்த பெட்டிகளே அவருக்குக் கிடைத்தன. பூச்சட்டிகளுள் பாதி புகைந்து அடங்கின. அவற்றுள் ஒன்று அணைந்துவிட்டதாக எண்ணி, மீண்டும் கொளுத்தக் குனிந்தபோது அது சீறிக்கொண்டு எழுந்தது. வலக்கை விரல்கள் வெந்தன. பதினெட்டு நாள் அவரால் தறியில் உட்கார முடியவில்லை. பட்டாசில் மிச்சப்படுத்திய தொகை 300 ரூபாய். இழந்த கூலியை அவர் மனைவி ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அனைவர்க்கும் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, மாதம் 200 ரூபாய் வீதம் பட்டாசுச் சீட்டுக் கட்டினார்கள். புரட்டாசியில் சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். அதைப்பற்றி இங்கு விரித்துரைப்பதற்கு ஒன்றுமில்லை.

இவ்விரண்டுக்கும் பிறகுதான், பதினோராம் வகுப்பில் வணிகவியல் படிக்கும் மகள் ஒரு குறிப்பேடு தொடங்கினாள். வாங்கிய ஒவ்வொன்றின் விலை, எண்ணிக்கை, எரிந்த நேரம், பற்றாமல் போனவை என நான்கு கட்டங்கள். தீபாவளியன்று எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கைப்பேசியின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு அதில் பெரிய வருத்தம்.

ஆனால், அந்தக் குறிப்பேடு சொன்னவை வியப்பானவை. 15 செ.மீ. கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்று 45 ரூபாய். அதில் பத்துக் கம்பிகள். ஒவ்வொன்றும் அரை நிமிடம் எரிந்தது. ஆகவே, ஐந்து நிமிட ஒளிக்கு 45 ரூபாய். நிமிடத்துக்கு 9 ரூபாய். பத்துப் பூச்சட்டி கொண்ட பெட்டி 120 ரூபாய். ஒவ்வொன்றும் அரை நிமிடம். நிமிடத்துக்கு 24 ரூபாய் என்றுதான் முதலில் எழுதினாள். இரண்டு பற்றவில்லை என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டதும் அது 30 ரூபாய் ஆயிற்று. பற்றாமற்போன பொருளின் விலையைப் பற்றிய பொருளே சுமக்கிறது என்பதை அவள் பாடநூலில் படித்திருந்தாளோ இல்லையோ, இங்கே கண்டுகொண்டாள். வானில் பன்னிரண்டு முறை வெடித்துப் பூக்கும் ‘ஷாட்’ பெட்டியும் 120 ரூபாய்தான். அது 24 நொடியில் முடிந்துவிட்டது. நிமிடத்துக்கு 300 ரூபாய்! அந்த வரியின்கீழ் அவள் சிவப்பு மையால் கோடிட்டாள்.

அடுத்த ஆண்டுப் பட்டியல் போடும்போது, “ஷாட் வேண்டாம் அப்பா, மத்தாப்பே இலாபம்” என்றாள். நெசவாளி தலையசைத்தார். அடுப்படியிலிருந்து மனைவி கேட்டார்: “போன தீபாவளியைப் பற்றித் தம்பி இன்றுவரை பேசுவது எதைப்பற்றி? மத்தாப்பைப் பற்றியா?”

மகளிடம் அதற்கு விடையில்லை. நேரத்தை அளக்கலாம், எதிர்வீட்டுப் பாட்டியும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்த அந்த 24 நொடியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? குறிப்பேடு பயனற்றது என்பதன்று இதன் பொருள். ஒரே வகைப் பொருள்களுள் எது மேல் என்று காட்ட அது மிக நல்ல கருவி. மத்தாப்பையும் வாணத்தையும் ஒரே தட்டில் நிறுக்க முயன்றபோதுதான் அது தடுமாறியது.

தள்ளுபடியின் மாயத்தையும் அவளே உடைத்தாள். ஒரு கடைப் பட்டியலில் பூச்சட்டிப் பெட்டியின் விலை 600 ரூபாய். 80 விழுக்காடு தள்ளுபடி. மற்றொன்றில் 200 ரூபாய். 40 விழுக்காடு தள்ளுபடி. இரண்டிலும் கையிலிருந்து போவது 120 ரூபாய்தான். அச்சிட்ட விலையை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு தாராளமாகத் தள்ளுபடி தரலாம். எனவே, பட்டியல்களில் விழுக்காட்டை அடித்துவிட்டு, கொடுக்கவேண்டிய தொகையை மட்டும் எழுதிக்கொண்டாள். பெயர்களும் ஏமாற்றக்கூடியவை. ‘ஸ்பெஷல்’, ‘அசோகா’, ‘டீலக்ஸ்’ என அளவுக்கேற்பப் பெயரிடுவர். எனினும், ஒரு நிறுவனத்தின் ‘ஸ்பெஷல்’ மற்றொன்றின் சிறியதைவிடச் சற்றே பெரியதாக இருக்கக்கூடும். பெட்டியின் பருமனை நம்புவதும் வீண்; உள்ளே அட்டை மடிப்பு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். ‘30 வகை’ என்னும் பரிசுப்பெட்டியில் பாம்பு மாத்திரையும் ஒரு வகை, பொட்டுவெடியும் ஒரு வகை.

“சிவகாசிக்கே போய் வாங்கினால் இன்னும் மலிவு” என்றார் பக்கத்துவீட்டுக்காரர். சிவகாசியின் பெயருக்கு அத்தகைய ஈர்ப்பு உண்டு. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் இட்ட அடித்தளத்தின்மீது வளர்ந்த ஊர் அது. மழை குறைந்த அந்த மண்ணில் தீப்பெட்டிக்குப் பின் பட்டாசும் வேரூன்றியது. ஆனால், பேருந்திலும் தொடர்வண்டியிலும் பட்டாசு கொண்டுவரச் சட்டம் இடம் தரவில்லை. தொடர்வண்டியில் கொண்டுசென்றால் 3 ஆண்டுவரை சிறைத்தண்டனைகூட உண்டு. தனி வண்டிக்கு வாடகை, தறி நிற்கும் ஒரு நாளின் கூலி ஆகியவற்றைக் கூட்டியபோது, சிவகாசியின் மலிவு வழியிலேயே தீர்ந்துபோயிற்று. பலர் சேர்ந்து வாங்கினால் கணக்கு மாறலாம். 2000 ரூபாய்க்கு வாங்குவோர்க்கு மாறாது.

ஆகவே, ஊரிலேயே உரிமம் பெற்ற கடைக்குத் தந்தையும் மகளும் சென்றனர். இம்முறை பத்து நாள் முன்னதாக. “வாங்க அண்ணாச்சி” என்று வரவேற்ற கடைக்காரர், மேசைமீது இருவகைத் தரைச்சக்கரப் பெட்டிகளை வைத்தார். ஒன்று 80 ரூபாய், மற்றொன்று 50. மலிவான பெட்டியில் வண்ணப்படம் இருந்தது. செய்தவர் பெயரோ முகவரியோ தயாரித்த மாதமோ இல்லை. அதிகபட்சச் சில்லறை விலையும் இல்லை. பொதிந்து விற்கும் பொருளில் இவை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு வந்த பசுமைப் பட்டாசு முத்திரையும் விரைவுக் குறியீடும் அதில் காணப்படவில்லை. பச்சை ஒளிக்காகச் சேர்க்கப்பட்டுவந்த பேரியம் உப்புகளையும், சரவெடியையும் விலக்கிய தீர்ப்பு அது.

பெயரில்லாப் பெட்டி எப்படி மலிவாகிறது? பட்டாசுத் தொழிலில் பெரும்பகுதி கைவேலை. காகிதக் குழல் உருட்டுவதும், மருந்து செலுத்துவதும், திரி பொருத்துவதும் கைகளே. உரிமம் பெற்ற ஆலையில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம் என்னும் வரம்பு வேண்டும். இவை ஒவ்வொன்றும் செலவு. வீட்டுத் திண்ணையில் மறைவாக மருந்து அடைப்பவர்க்கு அச்செலவு இல்லை, காப்பும் இல்லை. அந்த 30 ரூபாய் வேறுபாட்டை யாரோ ஒருவர் தம் உடலைக்கொண்டு ஈடுசெய்கிறார்.

நெசவாளி 50 ரூபாய்ப் பெட்டியைச் சற்றுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தம் வலக்கை விரல்களைப் பார்த்தவாறே அதைத் திருப்பிக் கொடுத்தார். கூலிக்குக் கைத்தொழில் செய்பவர்க்கு இது விளங்குவதற்கு நெடுநேரம் ஆவதில்லை.

எவ்வளவு வாங்குவது என்பதும் எளிதாயிற்று. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையுமே பட்டாசு வெடிக்க இசைவு. இரண்டு மணி நேரத்தில் நான்கு பேர் எவ்வளவுதான் கொளுத்துவார்கள்? மீதத்தைப் பரணில் போட்டுவைத்து, மறு ஆண்டு வெயிலில் காயவைப்பது பல வீடுகளின் வழக்கம். அப்பழக்கத்தை அந்த வீட்டில் அம்மா முன்பே நிறுத்தியிருந்தார்.

பத்துப் பெட்டி மத்தாப்பு, ஐந்து பெட்டித் தரைச்சக்கரம், நான்கு பெட்டிப் பூச்சட்டி என மூன்றும் சேர்ந்து 1,330 ரூபாய். பட்டியலை மடிக்கும்முன் மகள் கடைசி வரியில், ‘12 ஷாட் – 2’ என்று சேர்த்தாள். மொத்தம் 1,570. இரசீதைக் கேட்டு வாங்கிக் குறிப்பேட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

எஞ்சிய 430 ரூபாயில் முதலில் ஒரு வாளி வாங்கினார்கள். வீட்டில் இருந்த பழைய வாளி ஒழுகியது. தீபாவளியன்று வாசலில் தண்ணீர் வைப்பதற்கு அது உதவாது.