கணுக்கட்டை

2011 டிசம்பர் 30 காலை, தானே புயலில், பண்டசோழநல்லூரில் எங்கள் அப்பா நட்ட பலா வேரோடு சாய்ந்தது. அடிமரம் கதவுநிலைக்குப் போயிற்று; கிளைகள் எஞ்சின. விறகு பிளக்கும் பெரியவருக்கோ ஊரெங்கும் வேலை. ஆகவே சகோதரர்கள் இருவரும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் துணிந்தோம்.

கிணற்றுமேட்டில் துருவேறிக் கிடந்த 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சின். மூடிப்போன நெல் மில்லிலிருந்து எடைக்கு வாங்கிய தண்டும் பெரிய புல்லியும். தண்டின் நுனியில், லேத்துப் பட்டறையில் மரை வெட்டிய இரும்புக் கூம்பு. எஞ்சினின் சிறு புல்லியைப்போல் ஐந்து மடங்கு பெரியது அது; நிமிடத்துக்கு 1500 சுற்று 300 ஆயிற்று. கூம்பு திருகிக்கொண்டே உட்புக, கட்டை இரண்டாகப் பிளந்தது. மகிழ்ந்தோம்.

மூன்றாவது கட்டையில் கணு. பிளவாமல் கூம்போடு சேர்ந்து சுழன்ற கட்டை தம்பியின் மணிக்கட்டில் அறைந்தது. பெல்ட்டைத் தள்ளி நிறுத்தினோம். எலும்பு தப்பியது.

மாலையில் பெரியவர் வந்தார். அவர் கூலியைப் பறிக்கப் பார்த்தோமோ என்று கூசி நின்றோம். அவர் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பிடிமானம் வைக்காம முறுக்குனா, அது ஆளத்தான் முறுக்கும் தம்பி."

உடைந்த கலப்பையின் இரும்பைக் கூம்புக்கடியில் தடுப்பாகப் பற்றவைத்தோம். கட்டை அதில் முட்டி நிற்கும், சுழலாது. கணுக்கட்டைகளை மட்டும் அவர் கோடரிக்கென்று ஒதுக்கினோம். அவர் மறைந்த பின்னும் எங்கள் கை அவற்றைத் தனியேதான் வைக்கிறது.