காலண்டர் தாள் காட்டிய தேதி

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. அச்சகத்தில் காலண்டர் அடித்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர், சொந்தபந்தங்களின் விசேஷ வீடியோக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி அடுக்கி வருகிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மேஜை முழுக்க விஎச்எஸ் கேசட்டுகளும் சின்னச் சின்ன மினி டிவி (MiniDV) கேசட்டுகளும்.

"சின்னதுல பிரச்சினை இல்ல தம்பி. தேதி உள்ளேயே இருக்கும்" என்றார். ஃபயர்வயர் கேபிளில் ஒரு மணி நேர மினி டிவி கேசட் ஏற ஒரு மணி நேரம்தான் ஆகும். ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். கேமராவில் கடிகாரம் சரியாக இருந்திருந்தால், டேப்பில் பதிந்த தேதியைப் பார்த்து சாஃப்ட்வேரே காட்சிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுகிறது. விஎச்எஸ்ஸில் அந்த வசதி கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு காதுகுத்து கேசட்டை ஓட்டிக் காட்டினார். மொட்டைத் தலைக் குழந்தை, ஆசாரியின் கை, பின்சுவரில் தினசரி காலண்டர். படத்தை நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினார். கலங்கலாக ஒரு சிவப்பு 3. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அவரோ கீழே பூச்சியாகத் தெரிந்த எழுத்தைப் பார்த்து "ஆவணி" என்றார். காலண்டர் அடித்த கண் அல்லவா! ஆவணியில் வரும் ஆங்கில 3ஆம் தேதி என்றால் செப்டம்பர். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஞாயிறு. செப்டம்பர் 3 ஞாயிறாக வந்தது 1989, 1995, 2000 ஆண்டுகளில். குழந்தை பிறந்தது 1999. ஆகவே ஃபைல் பெயர்: 2000-09-03 காதுகுத்து. நாளை முன்னால் போட்டால் எல்லா வருஷத்து 3ஆம் தேதிகளும் ஓரிடத்தில் குவிந்துவிடும் என்பதால் வருஷம்தான் முதலில்.

டேக் போடுவதற்கு டிஜிகேம் என்ற இலவச சாஃப்ட்வேர். பேரன் முதலில் 'அத்தை' என்று போட்டிருக்கிறான். யாருக்கு அத்தை? அண்ணாச்சியின் அத்தை அவனுக்குக் கொள்ளுப்பாட்டி முறை. இப்போது முழுப் பெயரும் ஊரும் மட்டும். விருதுநகர் பங்குனிப் பொங்கலும் சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலும் தனித்தனி. தீபாவளியில் 'சரவெடி' என்றே ஒரு டேக் உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்துவிட்டதே!

வாட்ஸ்அப்பில் வந்தவைதான் தலைவலி. 20191027 என்று பெயரில் இருக்கும். அன்று தீபாவளி என்பதும் சரிதான். ஆனால் அது ஃபைல் வந்த நாள், எடுத்த நாள் அல்ல. யாரோ பழைய தீபாவளியை அன்றைக்கு அனுப்பியிருக்கலாம்.

சாஃப்ட்வேரின் டேட்டாபேஸில் மட்டும் டேக் இருந்தால், கம்ப்யூட்டர் போகும்போது பட்டியலும் போய்விடும். டிஜிகேமில் வீடியோவுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி ஃபைலாக எழுதிவைக்கும் அமைப்பு இருக்கிறது. நீங்களும் பட்டியல் போடப்போகிறீர்கள் என்றால் முதல் டேக்குக்கு முன்னால் அதை ஆன் செய்யுங்கள்; இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வெளியூரில் உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.