தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரு பெட்டிப் பாலும்

மலாக்காத் தோட்டப்புறங்களில் ‘பால்’ என்றால் முதலில் நினைவுக்கு வந்தது, ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் வடிந்து மங்கில் தேங்கிய வெள்ளைச் சாறுதான்.

லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்த குடும்பங்களிலும் கறந்த பால் பெரும்பாலும் விற்பனைக்கே போனதால், பிள்ளைகளின் குவளையில் பாலில்லாத கோப்பியே மிஞ்சியது.

ஏழைத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியிலேயே உணவளிக்கும் கூடுதல் உணவுத் திட்டம் 1979இலும், அதனை ஒட்டிய பள்ளிப் பால் திட்டம் 1983இலும் மலேசியாவில் தொடங்கின. கடும் வெப்பத்தில் சில நொடிகள் காய்ச்சிக் காற்றுப்புகாமல் அடைத்த பால், குளிர்பெட்டி இல்லாத பள்ளியிலும் கெடாது என்பதால், 200 மில்லிலிட்டர் பெட்டி தோட்டப் பள்ளிகளுக்கு ஏற்றதாக அமைந்தது.

அந்தச் சிறு பெட்டியில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, ஜாசின், அலோர் காஜா வட்டாரக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபின், கொல்லையில் மாடும் இல்லை. பால் முழுக்கக் கடைச்சரக்காகிவிட்ட நிலையில், அரசின் உதவியைப் பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

தகுதியுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வருமான விவரத்தைத் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும்.