கலாவின் மகள்

கல்லடிப் பாலத்தடியில் ராப் பாடிப் பழகும் தம்பிமாருக்கு எம்.ஐ.ஏ.யைத் தெரியுமோ தெரியாது. மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். தகப்பன் ஈரோஸ் இயக்கத்தில். வீட்டைச் சுமந்தது தாய் கலா. 1986இல் அகதியாகத் திரும்பவும் லண்டன். படித்தது திரைப்படக்கலை, சங்கீதமில்லை! இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 பெட்டியில்தான் பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

முதல் தொகுப்புக்கு அப்பாவின் இயக்கப் பெயர்: 'அருளர்', 2005. அடுத்ததுக்கு அம்மாவின் பெயர்: 'கலா', 2007. எனக்கு 'கலா'தான் ஒரு படி மேல்.

2009 பெப்ரவரி. வன்னியில் செல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை பிறக்கவேண்டிய நாளிலேயே, நிறைவயிற்றோடு கிராமி மேடையில் நின்றார்.

அவர்ர அரசியல் எல்லாத்தோடயும் எனக்கு உடன்பாடில்ல. திட்டுறதெண்டாலும் பாட்டைக் கேட்டிட்டுத் திட்டுங்க.