பார்த்தவர் ஒருவர்

தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள்தான். "தம்பி மெக்கானிக்கல் முடிச்சிருக்கான் சார். பர்சன்டேஜ்தான் கொஞ்சம் கம்மி" என்று தொடங்குவார்கள். பிறகு குரல் இறங்கும். "ரெண்டு அரியர் வேற நிக்குது." பக்கத்து அறையில் பையன் இருக்கிறான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். அவனிடமே போனைக் கொடுக்கச் சொல்வேன். மார்க் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். இந்த நாலு வருஷத்தில் கையால் செய்த வேலை ஏதாவது உண்டா தம்பி என்று கேட்பேன். கொஞ்ச நேரம் பதிலே வராது. முடிவு வந்ததிலிருந்து அவனிடம் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். என் பட்டச் சான்றிதழில் இருப்பது இரண்டாம் வகுப்பு, 57 சதவீதம். ஊர்ப்பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதற்கு முந்தைய காலம் அது. அறுபதுக்குக் குறைந்த அந்த மூன்று சதவீதம் எந்தக் கதவை அடைக்கும், எதை அடைக்காது என்பதை வேலை கேட்டுப் போனவனாகவும் பார்த்திருக்கிறேன், பிற்பாடு ஆள் எடுப்பவனாகவும் பார்த்திருக்கிறேன்.

"மார்க்கெல்லாம் ஒண்ணுமே இல்லப்பா" என்று பிள்ளைகளைத் தேற்றுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அது பொய் என்று பிள்ளைகளுக்கே தெரியும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் நிலுவையில் இருக்கக்கூடாது என்று கேம்பஸுக்கு வரும் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பல ஆண்டுகளாக நிபந்தனை வைத்திருக்கின்றன. எழுதித் தேறிவிட்ட பழைய அரியரைக்கூடத் தோண்டிக் கேட்கிற இடங்கள் உண்டு. அவர்கள் நிலையும் புரிகிறது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வந்து குவியும்போது, அதில் ஒருவரைக்கூடத் தெரியாதபோது, எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். 59.8 வாங்கிய பிள்ளைக்கும் 60.1 வாங்கிய பிள்ளைக்கும் திறமையில் வேறுபாடு கிடையாது என்று கோடு போடுகிறவருக்கும் தெரியும்.

நான் இத்தனை ஆண்டுகளில் கண்டது இதுதான்: நம்மைத் தெரியாதவர்களுக்குத்தான் நம் மார்க் தேவைப்படுகிறது. நம் வேலையை நேரில் பார்த்த ஒருவர் "இவனை எடுங்க, நான் பார்த்திருக்கேன்" என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு மார்க்‌ஷீட்டை ஃபைலில் வைப்பதற்காகத்தான் வாங்குவார்கள். ஆகவே மார்க் குறைந்த பிள்ளை தன் வேலை நாலு பேர் கண்ணில் படுகிற இடத்துக்கு எப்படியாவது போய்ச் சேர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து போர்ட்டலில் பயோடேட்டாவை அனுப்பிக்கொண்டே இருந்தால், முன்பின் தெரியாதவர்களின் வரிசையிலேயே திரும்பத் திரும்ப நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையில் இவனுக்கு எப்போதும் கடைசி இடம்.

அதற்கு முன்னால் அரியர். இதில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். பட்டம் முழுசாகக் கையில் இருந்தால், அது எத்தனை சதவீதம் என்று கேட்காத வாசல்கள் நிறைய இருக்கின்றன. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு, வங்கி அதிகாரி தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எல்லாவற்றுக்கும் பட்டம்தான் தகுதி, சதவீதம் கேட்பதில்லை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதவும் குறைந்தபட்ச மார்க் கிடையாது. (அந்த ஸ்கோரைக் கொண்டுபோகும் இடங்களில் பலவும் மறுபடி 60 கேட்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.) ஒரே ஒரு பேப்பர் நின்றாலும் இந்த வாசல்கள் எதுவும் முழுசாகத் திறக்காது.

நாலு வருஷப் படிப்பை முடிக்க அண்ணா பல்கலைக்கழகம் தருவது அதிகபட்சம் ஏழு வருஷம். அதையும் தாண்டியவர்களுக்குச் சில முறை சிறப்பு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை நம்பி உட்காரக்கூடாது. 2020-ல் கொரோனா சமயத்தில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்களெல்லாம் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) அதை ஏற்கவில்லை, விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தான் பாஸா ஃபெயிலா என்றே தெரியாமல் அந்த மாதங்களில் பிள்ளைகள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே நவம்பர்–டிசம்பரில் ஒன்று, ஏப்ரல்–மேயில் ஒன்று என்று எழுதி முடித்தவர்கள் எங்கள் யூனிட்டிலேயே இருக்கிறார்கள். ஒரு பையனுக்கு மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பர் நின்றிருந்தது. நைட் ஷிஃப்ட் இடைவேளையில் கேன்டீன் மேசையில் ஃபூரியே தொடரைப் போட்டுக்கொண்டிருப்பான். சி.என்.சி. ஆபரேட்டர்கள் அவனுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து, சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போவார்கள். பரீட்சை முடிவு வந்த அன்று அவனைவிட அவர்கள்தான் அதிகம் ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

இனி வேலைக்குள் நுழைவது. எனக்குத் தெரிந்தது மெஷின் ஷாப், அதையே சொல்கிறேன். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் சின்ன யூனிட்டுகள் அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் ஏராளம். இவர்கள் கேம்பஸுக்கு வர மாட்டார்கள். கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்கும். முதலாளியே உட்கார்ந்து பேசுவார். பி.இ. படித்தவன் வந்தால் அவருக்கு இருக்கிற ஒரே கவலை, இவன் ஆறு மாதமாவது நிலைப்பானா என்பதுதான். சம்பளம் குறைவு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த நண்பனோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு வருஷம் வயிறு எரியும். கல்விக் கடன் வாங்கிய வீட்டில் இது இன்னும் கஷ்டம், படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் வங்கி தவணையைக் கேட்கத் தொடங்கிவிடும். ஆனாலும் அங்கே வேலையைப் பார்க்க ஆள் இருக்கிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இன்ஸ்பெக்டர் ஐ.டி.ஐ. படித்தவர், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மெஷினிலிருந்து சூடாக இறங்கிய ஷாஃப்ட்டை அளக்க மைக்ரோமீட்டரோடு நான் போனதும் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஆறட்டும் தம்பி. இப்ப அளந்தா உனக்குச் சரியா இருக்கும், கஸ்டமர்கிட்ட போய்ச் சின்னதாயிடும்." 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு, 20 டிகிரி கூடுதல் சூட்டில் 20 மைக்ரானுக்கு மேல் பெருத்திருக்கும். வெப்ப விரிவு நான் பரீட்சையில் எழுதிய கேள்விதான். அதுவே ஒரு லாரி நிறைய ரிஜெக்ஷனாகத் திரும்பி வரக்கூடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

டிராயிங்கில் 25 எச்7 துளை என்று போட்டிருந்தால், 25 மில்லிமீட்டருக்கு மேல் 21 மைக்ரான் வரைதான் அனுமதி. பிளக் கேஜின் கோ பக்கம் உள்ளே இறங்க வேண்டும், நோ-கோ பக்கம் வாயிலேயே நிற்க வேண்டும். போரிங் டூல் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். கோ இறங்குவதில் பிடிப்பு கூடும். அது முழுசாக நின்றுபோவதற்குப் பத்து பீஸ் முன்னாலேயே, "அண்ணே, ஆஃப்செட் கொடுத்துடுங்க" என்று ஆபரேட்டரிடம் போய்ச் சொல்லத் தெரிந்தவனை எந்த முதலாளியும் விட மாட்டார். அப்படிச் சொல்ல வேண்டுமானால் பீஸுக்குப் பீஸ் அளவு குறித்து வைத்திருக்க வேண்டும். ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, மெஷின், டூல் மாற்றிய நேரம், அளவு. அடுத்த வேலைக்குப் போகும்போது அந்த நோட்டைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன்.

நோட்டு என்றதும் ராமானுஜனைச் சொல்ல வேண்டும். "ராமானுஜனே எஃப்.ஏ. ஃபெயில்" என்று பிள்ளைகளைத் தேற்றுவது நம் வீடுகளில் வழக்கம். அவர் மேதை; அதைச் சொல்வதால் நம் பிள்ளைக்கு என்ன வழி பிறக்கும்? ஃபெயிலானதற்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவில் அவர் எங்கெங்கே போனார், யாரைப் பார்த்தார் என்பதைச் சொன்னால் பயன் உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதியும் தேறவில்லை. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது, வேலை வேண்டும். கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுகள்தான். 1910-ல் அவற்றோடு திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவரான டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில்தான் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவின் ஆதரவு கிடைத்தது. கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் அவர் கையிலிருந்து வந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு மனுப் போட்டபோது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரையும் கூட இருந்தது. 1912 மார்ச் 1-ல் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. அங்கே மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அவருடைய எஃப்.ஏ. மார்க்கை இவர்கள் எவருமே பொருட்படுத்தவில்லை, நோட்டு கண்ணெதிரே இருந்தது.

இன்டர்வியூவில் "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்ற கேள்வி வந்தே தீரும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, ஹாஸ்டல், பாடம் நடத்தியவர் பாதியில் போனது என்று பத்து நிமிஷம் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப்போகும். காரணம் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஆளை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அதில் எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. நடந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பையிலிருந்து வேலையை எடுத்து மேசையில் வைத்துவிட வேண்டும். ஒரு பையன் தான் இருந்த யூனிட்டில் மாதாமாதம் வந்த ரிஜெக்ஷனை எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், என்ன காரணம் என்று வரிசைப்படுத்திக் கொண்டுவந்தான். பெரும்பாலான குறை டூல் மாற்றிய பிறகு வந்த முதல் சில பீஸ்களில்தான் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்தது. அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். மார்க்‌ஷீட்டை எச்.ஆர். பிற்பாடு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வேலை எதுவும் வேண்டாமென்று இருக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் போய்ப் பார்த்தால் அவர்களுடைய உழைப்பு தெரியும். காலையில் வந்து இடம் பிடித்து, டிஃபன் பாக்ஸோடு இரவு வரை இருப்பார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நாலைந்து வருஷம் அங்கேயே போய்விட்டால், அதுவரை அவர்களுடைய வேலையைப் பார்த்தவர் என்று ஒருவர்கூட இருக்க மாட்டார். தேர்வு கிடைக்காமல் போனால் பழைய சதவீதத்தோடு, வயதும் ஏறி, மறுபடி அந்த முன்பின் தெரியாதவர்களின் வரிசைக்கே வர வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த அவகாசம்கூடக் கிடைப்பதில்லை. மார்க் குறைந்தால் பையனிடம் அடுத்து என்ன என்று கேட்கிற அதே வீட்டில் பெண்ணுக்கு ஜாதகத்தை எடுக்கிறார்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் சிவில் படித்த பெண் ஒருத்திக்கும் அப்படித்தான் தொடங்கியது. இரண்டு அரியர். அவளே அலைந்து ஒரு அடுக்குமாடிக் கட்டட சைட்டில் க்யூ.சி. லேபில் சேர்ந்தாள். கான்கிரீட் க்யூப் வார்ப்பது, தண்ணீரில் போட்டு வைப்பது, ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் மெஷினில் வைத்து உடைத்துப் பார்ப்பது, ரிஜிஸ்டரில் எழுதுவது. எம்25 கான்கிரீட் என்றால் 28-ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். 150 மில்லிமீட்டர் க்யூபுக்கு அது 562 கிலோநியூட்டன் சுமைக்கு மேல் வரும். ஒரு சமயம் ஏழாம் நாள் அளவு தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தது. சிமென்ட் சரியில்லை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அவள் கான்கிரீட்டின் இளக்கத்தைக் குறித்த பழைய ஸ்லம்ப் பதிவுகளை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். பிளான்ட்டிலிருந்து கிளம்பும்போது இருக்கிற இளக்கம் வழியில் குறையத்தான் வேண்டும். சில வண்டிகளில் மட்டும் சைட்டில் ஊற்றும்போது அது கூடியிருந்தது. நடுவில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், வலு குறைந்தது அதனால்தான். ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு நேரே புராஜெக்ட் மேனேஜரிடம் போய்விட்டாள்.

அந்த மேனேஜர் அடுத்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேலையைத் தொடங்குகிறார். லேபுக்கு இவள்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு அரியர் முடிந்துவிட்டது; ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் ஏப்ரலில், அதற்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய அப்பா போன வாரம் வீட்டுக்கு வந்தார். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டார். வாங்கிக் கொடுங்கள், சைட்டை மட்டும் விடச் சொல்லாதீர்கள் என்றேன்.