உபாத்தியும் பிள்ளையும்

எங்கள் தொழிலின் பெயர் வேதாகமத்தில் ஓரிடத்தில் வருகிறது. பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், மோசேயின் நியாயப்பிரமாணத்தை 'உபாத்தி' என்கிறார். வாத்தியார்மார் உடனே பெருமைப்பட வேண்டாம்! கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் 'பைதகோகோஸ்'. அவன் பாடம் நடத்துபவன் அல்லன். பெரும்பாலும் வசதியுள்ள வீட்டின் அடிமை. பிள்ளையை வழியில் ஓடவிடாமல் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. பிள்ளை ஆளாகிவிட்டால் அந்த வேலை முடிந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். என்னைப் பள்ளிக்கு இழுத்துப் போனவர் பாட்டிதான். கையில் ஒரு குச்சி இருக்கும். அந்தக் குச்சிக்கு நான் இன்றும் கடன்பட்டவன். ஆனால் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் பஸ் ஏறிய பிறகும் பாட்டி குச்சியோடு கூடவே வந்திருந்தால்?

இன்றைய துருக்கியின் நடுப்பகுதியான கலாத்தியாவில் அதுதான் நடந்தது. கிறிஸ்துவை நம்பிய புறஜாதியாரிடம் சிலர் வந்து, விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பவுலுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மற்ற நிருபங்கள் பலவற்றை வாழ்த்தி, நன்றி சொல்லித் தொடங்குகிறவர், இதில் நன்றியை விட்டுவிட்டு நேரே கண்டிக்க இறங்கிவிடுகிறார்.

வெறும் சடங்குச் சண்டை என்று எண்ணாதீர்கள். அது சோற்றுப் பந்தி வரை வந்த சண்டை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அவர் பின்னால் போய்விட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். சாதி பார்த்து லயம் ஒதுக்கிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நேற்றுவரை பக்கத்தில் உண்டவர் இன்று எழுந்து போனால் மனம் எப்படிச் சுடும் என்று நான் எழுத வேண்டுமா?

"சட்டம் போய்விட்டால் மனிதர் கெட்டுப்போக மாட்டார்களா, வாத்தியாரே?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பவுலும் அதை எதிர்பார்த்தே, கிடைத்த விடுதலையை அடுத்தவருக்கு உழைப்பதில் செலவிடச் சொல்கிறார். பிறகு அன்பு முதல் இச்சையடக்கம் வரை ஒன்பது குணங்களைக் கூறி, ஆவியின் கனி என்கிறார். கனி என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்டோர் அதட்டினால் ஆள் வேலை செய்வார்; மரம் காய்க்குமா? வேரில் ஈரம் வேண்டும். நான் எதிரில் நிற்கும்வரை வாய் திறக்காத பிள்ளைகள் வகுப்பில் பலர் உண்டு. நான் வெளியே போயிருக்கும் நேரத்தில், எழுத்துக் கூட்டத் தெரியாத பக்கத்துப் பையனுக்கு மெல்லச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளையும் ஒன்றிரண்டு உண்டு. அப்படிச் செய்யச் சொல்லி எந்தப் பள்ளி விதியிலும் எழுதியிருக்கவில்லை.

நிருபத்தின் முடிவில், தம் கையாலேயே பெரிய பெரிய எழுத்தாக எழுதுவதாகப் பவுல் சொல்கிறார். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கையெழுத்தைத் தினமும் பார்க்கிற எனக்கு, அந்த இடம் வந்தால் சிரிப்பு வரும். அந்தக் கொட்டை எழுத்திலும் அவர் விருத்தசேதன வழக்கை விட்டபாடில்லை.